இல்லையா, கேட்கவில்லையா?

இல்லை என்று சொல்வது ஒன்று. எனக்குத் தெரியவில்லை என்று சொல்வது வேறொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை இலக்கண வகுப்பிலே எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். ஆயினும், அவ் வேற்றுமையை நானே எவ்வளவு தூரம் மறந்திருந்தேன் என்பதை, ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், உப்புக்குளத்திலே ஒரு பழைய கணினியின் முன் அமர்ந்திருந்த மாலைப் பொழுதிலேதான் உணர்ந்தேன். அதனை எனக்கு உணர்த்தியவர் ஒரு மீனவர்.

தமிழாசிரியன் ஒருவன் கணினியின் பழுதைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். பழுது கணினியோடு நின்றிருந்தால் நானும் எழுத வந்திரேன். அது என் வரவேட்டுக்குள்ளும் ஏறிவிட்டது. ஆதலினால் எழுதுகிறேன்.

2020 மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டதையும், பின்னர்த் திறப்பதும் மூடுவதுமாக அந் நிலை 2021 வரை நீடித்ததையும் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். வகுப்பறை திரையிலே சில சதுரங்களாகச் சுருங்கியது. கைத்தொலைபேசி உள்ள வீடுகளிலே அதன் வாயிலாகவும், கணினி உள்ள சில வீடுகளிலே அதன் வாயிலாகவும் பிள்ளைகள் கூடினர். ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்ட வீடுகளும் உண்டு. நானும், சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய கையினால் பொத்தான்களைத் தடவித் தடவி, பத்தாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தேன்.

அவ் வகுப்பிலே ஒரு மாணவி இருந்தாள். பாடசாலை நடந்த காலத்திலே கேட்ட கேள்விக்கு முதலில் எழுந்து விடை சொல்பவள் அவள். திரை வகுப்புத் தொடங்கிய பின்னரோ அவளிடமிருந்து ஓர் ஒலியும் எழவில்லை. பெயர் மட்டும் சதுரத்திலே தோன்றும். கூப்பிட்டால் விடை வராது. கேள்வி கேட்டால் மௌனம். முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம் கடிந்தேன். மூன்றாம் வாரம் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். வாரந்தோறும் அனுப்ப வேண்டிய அறிக்கையிலே அவள் பெயருக்கு நேரே, “பாடத்தில் அக்கறை குறைவு” என்று எழுதினேன். பேசாத பிள்ளை கேளாத பிள்ளை என்பது என் தீர்ப்பு.

அவள் எழுத்தின் மூலம் ஏதோ சொல்ல முயன்றிருக்கிறாள். திரையின் ஓரத்திலே செய்தி எழுதும் இடத்தில், ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு, ‘சேர், மைக்’ என்று இரண்டு சொற்களைப் பல நாட்கள் இட்டிருக்கிறாள். அவ்விடத்தை நோக்கும் வழக்கம் எனக்கு இல்லை. நோக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

நடமாட்டத் தடை சிறிது தளர்ந்தபோது, மன்னார் நகரத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்வரலாம் என்று புறப்பட்டேன். உப்புக்குளத்திலே அம் மாணவியின் வீட்டு வாசலில் அவளுடைய தந்தையார் வலை பொத்திக்கொண்டிருந்தார். குறை சொல்லவே நான் போயிருந்தேன். ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்னரே அவள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் திரையிலே நடத்திய பாடங்கள் அத்தனையும் அதிலே இருந்தன. ஓரிடத்திலே நான் பிழையாகச் சொல்லி, மறுநாள் திருத்திய ஓர் இலக்கணக் குறிப்புக்கூட, முதலில் பிழையாகவும் பின்னர்த் திருத்தியும் எழுதப்பட்டிருந்தது. என் வகுப்பிலே அவ்வளவு கவனமாகக் கேட்டவர் வேறு எவரும் இருந்திருப்பாரோ என்பது ஐயமே.

“நீ ஏன் பேசவில்லை?” என்றேன்.

“பேசினேன், சேர். உங்களுக்குக் கேட்கவில்லை” என்றாள்.

வீட்டினுள்ளே பழைய மேசைக் கணினி ஒன்று இருந்தது. எவரோ பாவித்ததை விலைக்கு வாங்கியது. அவளுடைய அண்ணனின் கைத்தொலைபேசியோடு வந்த தலையணி, அதாவது பிள்ளைகள் ஹெட்செட் என வழங்கும் கருவி, அதிலே செருகப்பட்டிருந்தது. நான் சொன்னவை யாவும் அதன் வழியே அவள் காதுக்கு நன்றாக எட்டின. அவள் சொன்னவை மாத்திரம் எனக்கு எட்டவில்லை. கணினியைத் தட்டிப் பார்த்தேன். ஒலிவாங்கி எதுவும் காணப்படவில்லை என்னும் பொருளில் ஆங்கிலத்திலே ஒரு வரி தோன்றியது.

“இதிலே மைக் இல்லை” என்று நான் தீர்ப்புக் கூறினேன்.

வாசலிலிருந்து அவளுடைய தந்தையார் எட்டிப் பார்த்தார். “மைக் பிள்ளட கையில இருக்கே, சேர். அந்தப் பெட்டிக்குத் தெரியல்ல எண்டு சொல்லுங்கோ” என்றார்.

அவர் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர். நானோ பட்டதாரி. ஆனால் அளவை நூலார் கண்டால் யாரைப் பாராட்டுவர் என்பதிலே எனக்கு ஐயமில்லை.

பின்னர் அவர் வலையை ஒருபுறம் வைத்துவிட்டு வந்து, தம் தொழிலிலிருந்தே எனக்கு ஒரு பாடம் சொன்னார். “கடலுக்குள்ள எஞ்சின் நிண்டா, எஞ்சினே போச்சு எண்டு நாங்க சொல்றதில்ல. முதல்ல எண்ணெய் வருதா எண்டு பாப்பம். வந்தா அது சரி. பிறகு பிளக்கைக் கழட்டி நெருப்பு வருதா எண்டு பாப்பம். ஒண்டொண்டாத்தான் பாக்கோணும், சேர். எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டினா எது பிழை எண்டு கடைசி வரைக்கும் தெரியாது.”

அவர் சொன்னபடியே தொடங்கினோம். முதலிலே தலையணியைக் கழற்றி அவருடைய கைத்தொலைபேசியிலே செருகினோம். அவள் இரண்டு வரி பேச, தொலைபேசி அதனைப் பதிந்து திருப்பிச் சொல்லிற்று. அந்த ஒரு சோதனையினாலே பாதி வழி கடந்துவிட்டோம். ஒலிவாங்கி நல்லது, வடம் அறுபடவில்லை, வடத்தின் நடுவேயுள்ள சிறு ஆளி அடைபட்டிருக்கவில்லை. எனவே, பழுது தலையணிக்கு அப்பால், செருகி கணினியைத் தொடும் இடத்திலோ கணினியின் உள்ளேயோ இருத்தல் வேண்டும். ஐயத்துக்குரியவற்றுள் ஆகாதனவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதைத் துணிவதை நம் அளவை நூல்கள் ஒழிபு என்னும் பெயரால் ஓர் அளவையாகவே கூறுகின்றன. சிவஞான சித்தியாரின் அளவையியலைப் படித்தவர்கள் அதனை அறிவார்கள். நான் அதனைப் பரீட்சைக்காகப் படித்தேன். அவர் கடலிலே உயிர் காக்கப் பயின்றார்.

அடுத்ததாகச் செருகியை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தோம். அதன் உலோகத் தண்டிலே மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தன. மூன்று வளையங்கள் ஒரு தண்டை நான்கு துண்டுகளாகப் பிரிக்கும். முனைத் துண்டு இடச் செவிக்கு. அடுத்தது வலச் செவிக்கு. எஞ்சிய இரண்டிலே ஒன்று மின்னோட்டம் திரும்புவதற்கான பொதுவழி, மற்றது ஒலிவாங்கிக்கு. கணினியின் பின்புறத்திலோ பச்சை நிறத்தில் ஒரு குதையும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குதையும் தனித்தனியே இருந்தன. பச்சை கேட்பதற்கு, இளஞ்சிவப்புப் பேசுவதற்கு. மைக்ரோசொவ்ற், இன்ரெல் நிறுவனங்கள் 1999ஆம் ஆண்டுக்கென வகுத்த கணினி வடிவமைப்பு வழிகாட்டியினாலே பரவிய நிற வழக்கு இது. இக் குதைகள் மூன்று துண்டுச் செருகிக்கென அமைந்தவை. நான்கு துண்டுச் செருகியைப் பச்சைக் குதையிலே இட்டால் இரு செவிகளுக்கும் உரிய தொடுகைகள் சரியாகப் பொருந்தும். ஆகவே ஒலி கேட்கும். ஒலிவாங்கிக்குரிய நான்காவது துண்டுக்கோ அங்கே தனியிடம் கிடையாது. அவள் பேசியது அவ்விடத்திலேயே அடங்கிப் போயிற்று.

அப்படியானால் இளஞ்சிவப்புக் குதையிலே செருகினால் என்ன என்று அச் சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி, செய்து பார்த்தோம். மிக மெல்லிய முணுமுணுப்பு ஒன்று மாத்திரம் பதிவாயிற்று. அதன் காரணத்தைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அக் குதை முனைத் துண்டிலேதான் ஒலிவாங்கியை எதிர்பார்க்கும்; இச் செருகியின் முனையிலே இருப்பதோ இடச் செவியின் ஒலிபெருக்கி. காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட சிறு ஒலிபெருக்கி, தன் மீது ஒலி மோதினால் சிறிதளவு மின்னைப் பிறப்பிக்கும். நாங்கள் கேட்டது ஒலிவாங்கியின் குரலன்று. காதுக்குரிய கருவி வாயாக வேலை செய்ய முயன்ற முனகல்.

இவற்றுக்கெல்லாம் ஒரு வரலாறு உண்டு. இச் செருகியின் மூதாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தொலைபேசி நிலையங்களில் இணைப்பாளர்கள் கையாண்ட கால் அங்குலச் செருகி. அதன் சிறு பிள்ளையாகிய 3.5 மில்லிமீற்றர்ச் செருகி, ரான்சிஸ்ரர் வானொலியின் காதுக்கருவியோடு வீடுகளுக்குள் வந்தது. அக் காலத்திலே அது கேட்பதற்கு மாத்திரமே பயன்பட்டது. தண்டு ஒன்றிலேயே வாயையும் செவியையும் சேர்த்தது கைத்தொலைபேசிக் காலம். அச் சேர்க்கையிலும் உலகம் ஒரே வழியிற் செல்லவில்லை. பொதுவழியை மூன்றாந் துண்டிலும் ஒலிவாங்கியை நான்காந் துண்டிலும் வைப்பது சி.ரி.ஐ.ஏ. எனப்படும் முறை, அவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பது ஓ.எம்.ரி.பி. எனப்படும் முறை. முதலாவதே இன்று பெருவழக்கு. ஆனால் பழைய கருவிகளிலே மற்றதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

இன்னுமொரு செய்தி. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே கேர்ஹாட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ற் என்னும் இருவர் எலெக்ரெற் என்னும் வகை ஒலிவாங்கியை அமைத்தனர். விலையும் எடையும் குறைந்த இவ் வகை பின்னர் உலகெங்கும் பரவியது. தலையணிகளிலே வருவது பெரும்பாலும் இதுவே. இதனுள்ளே இருக்கும் சிறு பெருக்கிக்கு, ஒலி வெளிவரும் அதே கம்பியின் வழியே சிறிதளவு மின்னழுத்தம் குதையிலிருந்து வர வேண்டும். வராவிட்டால், குறைபாடு எதுவும் இல்லாத ஒலிவாங்கியும் ஊமையாகிவிடும். பேசுபவனுக்கு வாய் மாத்திரம் போதாது, கேட்பவனும் சிறிது கொடுக்க வேண்டும் என்பது இக் கருவியின் இயல்பு. ஆசிரியனாகிய எனக்கு இது வெறும் மின்னியற் செய்தியாகத் தோன்றவில்லை.

நான்கு துண்டுச் செருகியை ஒரு முனையில் ஏற்று, மறு முனையில் இரண்டு மூன்று துண்டுச் செருகிகளாகப் பிரியும் சிறு வடம் ஒன்று கடைகளிலே கிடைக்கும். அதன் விலை பெரிதன்று. ஆயினும் கடைகள் பூட்டிக் கிடந்த காலம். அது கைக்கு வர ஒன்பது நாட்கள் சென்றன. பச்சைச் செருகியைப் பச்சையிலும், இளஞ்சிவப்பை இளஞ்சிவப்பிலும் இட்டோம். கணினியின் ஒலி அமைப்புப் பக்கத்திலே அவள் பேசும்போதெல்லாம் ஒரு சிறு கோடு எழுந்து தாழ்ந்தது. கணினிக்கு இப்பொழுது அவள் குரல் கேட்டது. ஆனால் மறுநாள் வகுப்பிலே எனக்குக் கேட்கவில்லை!

இந்த இடத்திலேதான் பலர் மனம் தளர்ந்து, வாங்கியது வீண் என்று வடத்தைக் கழற்றி எறிவார்கள். அவளுடைய தந்தையாரோ, “எண்ணெய் வந்திட்டுது, இனி நெருப்பைப் பாப்பம்” என்றாராம். ஒரு பழுது தீர்ந்ததனால் மற்றொரு பழுது இல்லை என்றாகாது. கோடு அசைவதனாலே ஒலி கணினிக்குள் வந்துவிட்டது உறுதி. கணினிக்கும் வகுப்பு நடக்கும் மென்பொருளுக்கும் இடையிலேதான் தடை. விண்டோஸ் 10, 11 ஆகிய பணிசெயல் முறைமைகளிலே, எந்தச் செயலி ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் அந்தரங்க அமைப்பு ஒன்று உண்டு. ஒளிந்திருந்து கேட்பாரைத் தடுப்பதற்கான நல்ல ஏற்பாடு அது. அவள் வீட்டுக் கணினியிலே எவரோ அதனை முற்றாக மூடிவைத்திருந்தனர். அதனைத் திறந்தவுடன் அவள் குரல் வந்தது.

நான் கண்டது ஒரு வீட்டின் பழுது. பிற வீடுகளிலே பிற காரணங்கள் இருக்கும். வடத்தின் நடுவிலுள்ள ஆளி அடைபட்டிருக்கலாம். செருகி முழுவதும் உள்ளே போகாதிருக்கலாம். கணினியின் முன்புறக் குதைக்கு உள்ளிருந்து வரும் வடம் பொருத்தப்படாமலே விடப்பட்டிருக்கலாம். பின்புறக் குதையில் இட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புக் காற்று வீசும் எங்கள் கரையிலே தொடுகைகள் களிம்பேறுவது இயல்பு. உலர்ந்த துணியினால் துடைத்தாலே சில வேளை போதும். கணினி, தலையணியை விட்டுப் படக்கருவியிலுள்ள ஒலிவாங்கிக்குச் செவி சாய்த்துக்கொண்டிருக்கலாம். ஒலிவாங்கி செயலிழக்கச் செய்யப்பட்டுப் பட்டியலில் மறைந்திருக்கலாம். வகுப்பு மென்பொருள் தனக்கென வேறொரு கருவியைத் தெரிந்து வைத்திருக்கலாம். இவை ஒன்றும் இல்லையெனின், ஒலிப் பகுதியை இயக்கும் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவிக் கணினியை மறுபடி தொடக்கிப் பார்க்கலாம். யூ.எஸ்.பி. வகைத் தலையணியாயின் ஒலியை இலக்கமாக மாற்றும் சுற்று அதனுள்ளேயே இருப்பதால், மேற்சொன்ன செருகிச் சிக்கல்கள் எழா. எளியதிலிருந்து அரியதற்கு, வெளியிலிருந்து உள்ளே, ஒரு வேளையில் ஒரு மாற்றம் என்பதே ஒழுங்கு. நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் முறையே நாடுமாறு வைத்தியனுக்கு வள்ளுவர் கூறியதும் இவ் வொழுங்கையே.

இனி என் கருத்துக்கு வருகிறேன். அச் சில மாதங்களிலே நான் செய்த பிழை, கருவியின் பிழையைப் பிள்ளையின் குணமாகப் பதிந்தது. கணினி, தனக்குத் தெரியவில்லை என்றது. அதையாவது மன்னிக்கலாம், அது தன் அறிவின் எல்லையைத்தான் சொன்னது. அத் தெரியாமையை எடுத்து, ‘இல்லை’ என்றும், ‘அக்கறை இல்லை’ என்றும் மொழிபெயர்த்தவன் நான். இயந்திரம் செய்யாத குற்றத்தை ஆசிரியன் செய்தான்.

உப்புக்குளத்திலே இச் சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. 1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்களும் ஊரைவிட்டு நீங்கின. பலர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். பின்னர்ப் பாடசாலை கூடிய ஒரு நாளிலே வரவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்ட இளம் ஆசிரியன் நான். விடை வராத பெயர்களுக்கு நேரே கோடிட்டேன். ஏட்டைப் பொறுத்தவரை அப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள். வேறொரு கரையிலே, கொட்டில்களிலே, தம் பெயரைக் கூப்பிடுவார் இன்றி இருந்தார்கள். அப்படிக் கோடிடப்பட்ட பெயர்களுள் ஒன்று, வாசலிலே வலை பொத்திக்கொண்டிருந்த அந்தத் தந்தையாருடையது. அன்று அவர் அதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்டிக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னார். வீடு திரும்பும் வழியிலே நானாகவே கணக்குப் பார்த்துக்கொண்டேன்: தகப்பனுக்கு ஒரு கோடு, மகளுக்கு ஒரு கோடு, இரண்டையும் இட்ட கை ஒன்றே.

ஒரு நண்பர், அவரும் ஆசிரியர், இதனைக் கேட்டுவிட்டு மறுத்துரைத்தார். “பிள்ளைகள் மைக் பழுது என்று சாக்குச் சொல்லிவிட்டுத் தூங்கியதையும் நாம் கண்டோமே. எல்லாவற்றையும் நம்பினால் வகுப்பு நடக்குமா? அத்தோடு, இலக்கியம் கற்பிப்பவன் கருவி திருத்துபவனாகவும் ஆக வேண்டுமா?” என்றார். இரண்டும் நியாயமான கேள்விகளே. சாக்குச் சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள் என்பது மெய். ஆனால் சாக்கையும் பழுதையும் பிரித்தறிவதற்கு வழி இருந்தது: ஒரு நிமிடச் சோதனை. சோதிக்காமல் நம்புவது ஏமாளித்தனம்; சோதிக்காமல் ஐயுறுவது அநீதி. ஏமாந்த ஆசிரியனுக்கு நட்டம் சிறிது. அநீதிக்கு ஆளான பிள்ளைக்கு நட்டம் பெரிது. இரண்டாவது கேள்விக்கு என் விடை இது: கருவியைத் திருத்த வேண்டாம், அதன் பழுது யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றது என்பதையாவது அறிந்திருக்க வேண்டும். கரும்பலகை பளபளத்து எழுத்துத் தெரியாதபோது, பின்வரிசைப் பிள்ளையை மந்தன் என்றோமா? பலகையைத்தானே திருப்பி வைத்தோம்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1991இல் யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்கு இடம் கிடைத்தது. இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் திரைச் சொற்களைத் தமிழிலே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. மகிழ்ச்சி. ஆனால் ‘உள்ளீட்டுச் சாதனம் கண்டறியப்படவில்லை’ என்னும் வரியைத் தமிழிலே படித்தாலும் அத் தந்தையாருக்கும் எனக்கும் என்ன விளங்கும்? சொல் தமிழாயிற்று, சொல்ல வந்தது தமிழாகவில்லை. ‘உங்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை, செருகி எந்தக் குதையில் இருக்கிறது என்று பாருங்கள்’ என்று அது சொல்லுமாயின், அந்தச் சிறுமி தானே பாதி வேலையை முடித்திருப்பாள்.

சுயமொழிக் கல்வி வந்த காலத்திலே அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. செருகி, குதை என்று நான் மேலே எழுதிய சொற்கள் இலங்கைப் பாடநூல் வழக்கிலே இன்றும் வாழ்பவை. அவற்றை ஆக்கியோர் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. எனினும் சொற்றொகுதி வேறு, வழிகாட்டல் வேறு. எங்கள் கரையிலே மேற்கிலிருந்து வருவது கச்சான். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோழகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவை அகராதிக்காகப் பிறந்த சொற்களல்ல. எக் காற்றிலே தோணி இறக்கலாம், எதிலே ஆகாது என்னும் அறிவு அச் சொல்லோடு ஒட்டியே வருகிறது. கருவிகளைப் பற்றிய தமிழும் அப்படி ஆக வேண்டும். பெயரைச் சொன்னவுடன் அடுத்துச் செய்ய வேண்டியது தெரிய வேண்டும். அதற்குப் பயன்படுத்துவோர் முன் வைத்துச் சொல்லைச் சோதிக்க வேண்டும். அறிஞர் அவையிலே மட்டும் சோதித்தால் போதாது.

எங்கள் பாடசாலைகளிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் ஒரு பாடமாக இருக்கின்றது. உள்ளீட்டுச் சாதனம் யாது எனக் கேட்டால் பிள்ளைகள் வரைவிலக்கணத்தை வழுவின்றி எழுதுவார்கள். ஆனால் பேசாத தலையணி ஒன்றை மேசையிலே வைத்து, இது ஏன் பேசவில்லை எனக் கேட்கும் ஆசிரியர் எத்தனை பேர்? விடையை மாத்திரம் கற்பித்து, வினவும் ஒழுங்கைக் கற்பிக்காமல் விடுவது எல்லாப் பாடத்துக்கும் பொதுவான குறை. தமிழ்ப் பாடத்திலே நானும் அதனையே செய்தேன்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. தொற்றுக் காலம் போய்விட்டது; திரை வகுப்புப் போகவில்லை. 2022இலே எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகள் முடங்கியபோது மீண்டும் அதனையே நாடினோம். தனியார் வகுப்புக்களிலே அது நிலைத்தும்விட்டது. திரை வகுப்புத் தொடங்குமுன் ஒரு நிமிடம் ஒதுக்கி ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொல்லாவது பேசக் கேட்டுவிடுங்கள். குரல் வராத பிள்ளைக்கு, வேறு வழியிலே விடை சொல்ல இடங்கொடுங்கள். செய்தி எழுதும் ஓரத்தை நோக்குங்கள். பாடசாலை தோறும் பிரியும் வடம் சிலவும், யூ.எஸ்.பி. தலையணி ஒன்றிரண்டும் ஒரு இழுப்பறையிலே இருக்கட்டும். தேவைப்படும் வீட்டுக்கு ஒரு வாரம் இரவலாய்ப் போய்வரட்டும். நூலகப் புத்தகத்தை இரவல் கொடுக்கும் நாம் குரலை இரவல் கொடுக்கக் கூடாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, சோதித்து அறியாத மௌனத்துக்கு மதிப்பெண் இடாதீர்கள்.

அம் மாணவியின் குரல் வந்த நாளிலே வகுப்பு முடிந்ததும் என் அறிக்கைப் பிரதிகளை எடுத்து, “பாடத்தில் அக்கறை குறைவு” என்று எழுதிய வரிகளை வெட்டி, “ஆசிரியருக்குக் கேட்கவில்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அலுவலகத்திலே அதைக் கண்டவர்கள் சிரித்திருக்கலாம். அவள் ஒருத்தியின் வரி திருத்தப்பட்டது. அதே மாதங்களிலே, அதே கையினால், வேறு பெயர்களுக்கு நேரே நான் எழுதிய வரிகளும் இருந்தன. அவர்களுடைய வீடுகளுக்கு நான் போகவில்லை.